ஏழு சீட்டர் டாக்சி: வண்டி வாங்குவதிலிருந்து ரிட்டன் சவாரி பிடிப்பது வரை

ராத்திரி இரண்டே கால் மணி, சென்னை விமான நிலையம். டாக்சி ஆப்பில் எக்ஸ்எல், அதாவது பெரிய வண்டிக்கான சவாரி விழுந்தது. மல்டி லெவல் பார்க்கிங்கில் போய் நின்றேன். ட்ராலிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. ஆறு பேர், எட்டுப் பெட்டி, அது போக ஒரு பெரிய டிவி அட்டைப்பெட்டி.

"ஏழு சீட்டர்னுதானே தம்பி போட்டிருக்கு?" என்றார் வீட்டுப் பெரியவர்.

ஏழு சீட்டர்தான். ஆனால் எர்டிகாவின் கடைசி வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். என் வண்டி சிஎன்ஜி. அந்த இடத்திலும் சிலிண்டர் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இருபது நிமிடம் பெட்டிகளை இப்படி அப்படி அடுக்கிப் பார்த்துவிட்டு, அவர்கள் இரண்டு சிறிய வண்டியைப் பிடித்துப் போய்விட்டார்கள். எனக்குப் பார்க்கிங் கட்டணம்தான் மிச்சம்.

பெரிய வண்டி ஓட்டுவது, சின்ன வண்டித் தொழிலில் இரண்டு சீட் கூட்டிக்கொள்வது இல்லை, இது வேறு தொழில் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா மாதிரி வண்டி எடுத்து ஆப்பில் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: வண்டிக்கு முன்னால் கணக்கு

நிறைய பேர் ஷோரூமில் ஆரம்பிக்கிறார்கள். ஒரு பழைய நோட்டில் ஆரம்பியுங்கள்.

சிஎன்ஜி எர்டிகாவை எடுத்துக்கொள்வோம். சிஎன்ஜி கிலோ 92 ரூபாய், கிலோவுக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்றால் எரிபொருள் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய். டயர், சர்வீஸ், பிரேக், கிளட்ச் எல்லாவற்றுக்கும் ஒன்றரை ரூபாய் ஒதுக்குங்கள். ஆக, வண்டி ஒரு கிலோமீட்டர் நகர்ந்தால் 6 ரூபாய் போகிறது, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்தது, வண்டி நின்றாலும் போகிற காசு. 9 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாத டியூ கிட்டத்தட்ட 19,570 ரூபாய். இன்சூரன்ஸுக்கு மாதம் 4,000, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட், வரிக்கு 2,000 என்று எடுத்து வைத்தால் மொத்தம் 25,570. ஒரு நாளைக்கு 850 ரூபாய்.

இப்போது சிட்டிக்குள் ஆப்பை மட்டும் நம்பி ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் மீட்டரில் 200 கிலோமீட்டர் ஓடும். அதில் காசு வருவது 130 கிலோமீட்டருக்குத்தான். மீதி 70 எம்ட்டி, அதாவது காலி ஓட்டம். பிடித்தம் எல்லாம் போகக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் கையில் வந்தால் 2,600. ஓட்டச் செலவு 1,200 போனால் 1,400. டியூ வகையறா 850 போனால் மிச்சம் 550 ரூபாய். பன்னிரண்டு மணி நேரத்துக்கு! அடுத்தவர் வண்டியை ஓட்ட ஒரு நாள் ஆக்டிங் டிரைவராகப் போகிறவர் தலையில் எந்தக் கடனும் இல்லாமல் இதைவிட நன்றாகவே சம்பாதிப்பார்.

அதே கணக்கை டீசல் இன்னோவா கிரிஸ்டாவுக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய், தேய்மானம் இரண்டேகால் ரூபாய் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 10 ரூபாய் செலவு. 2,600 வரவில் 2,000 ஓட்டத்துக்கே போய்விடும். மிச்சம் 600 ரூபாய் ஒரு நாள் டியூவுக்கே காணாது.

சரி, வெளியூர் டிரிப்? சென்னையிலிருந்து மதுரை, இரண்டு நாள், போக வர லோக்கலையும் சேர்த்து 980 கிலோமீட்டர். எர்டிகாவுக்கு 17 ரூபாய் வீதம் 16,660. பேட்டா (டிரைவர் படி) இரண்டு நாளைக்கு 1,000. டிராவல்ஸ்காரர் மூலமாக வந்த டிரிப் என்றால் பத்து சதவீதம் அவருக்கு. ஓட்டச் செலவு 5,880. எல்லாம் போகக் கையில் 10,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இரண்டே நாளில்.

இந்த எண்களை உங்கள் ஊர் ரேட்டுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். எப்படி மாற்றினாலும் பெரிய வண்டிக்குச் சோறு போடுவது ஆறு பேர் ஏறி முழுத் தூரம் போகும் டிரிப்தான். ஆப் என்பது நடுவில் விழும் ஓட்டையை அடைக்க.

இரண்டாம் படி: எந்த வண்டி

பெட்ரோலும் சிஎன்ஜியும் சேர்ந்த எர்டிகாவை டாக்சிக்கென்றே மாருதி டூர் எம் என்ற பெயரில் விற்கிறது. பராமரிப்பு மலிவு, மூலை முடுக்கெல்லாம் ஸ்பேர் கிடைக்கும். குறை இரண்டு. ஒன்று நான் மேலே சொன்ன டிக்கி. இன்னொன்று, ஏழு பேரும் ஏசியும் சேர்ந்தால் திருப்பதி மலையிலோ ஊட்டிக்கு ஏறும் பர்லியார் கொண்டை ஊசியிலோ சிஎன்ஜியில் மூச்சு வாங்கும். மலை ஆரம்பிக்கும் முன்னாலேயே பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) உண்டு. எஃப்சிக்குப் போகிற அன்றுதான் பலருக்கு அது நினைவுக்கு வரும்.

இன்னோவாவின் பலம் வேறு. 2005இல் வந்ததிலிருந்து நம் ஊரில் அது ஒரு வண்டியின் பெயராக இல்லாமல், ஒரு வகையின் பெயராகவே ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் "ரெண்டு இன்னோவா சொல்லிடுங்க" என்றுதான் சொல்வார்கள். கிரிஸ்டாவில் கடைசி வரிசையில் பெரியவர்கள் கூட உட்கார முடியும், டிக்கியும் 300 லிட்டர். கிலோமீட்டருக்கு எர்டிகாவைவிட மூன்று நான்கு ரூபாய் கூடுதலாகவும் கேட்கலாம், தருவார்கள். ஆனால் கம்பெனி டூட்டி, கல்யாணம், டூர் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே ஆள் பழக்கம் இருப்பவர் எடுக்க வேண்டிய வண்டி அது. முதல் வண்டியாக அதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

வாங்கும்போது சீட் எண்ணிக்கையைக் கவனியுங்கள். டிரைவர் நீங்கலாக ஆறு பேர் வரை சட்டப்படி மோட்டார் கேப். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மேக்சி கேப். அதாவது எட்டு சீட் இன்னோவா, ஒரே ஒரு சீட்டால் மேக்சி கேப் ஆகிவிடும். பர்மிட்டும் வரியும் இன்சூரன்ஸும் வேறு பட்டியல். விலை குறைவு என்று எட்டு சீட்டரைப் பிடித்துவிட்டு ஆர்டிஓ ஆபீசில் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய டி போர்டு (மஞ்சள் போர்டு டாக்சி) வண்டி என்றால் எஃப்சி தேதி, வரி, கடன் பாக்கி இல்லை என்கிற ஃபைனான்ஸ் என்ஓசி, பாக்கி இருக்கும் இ-சலான் இவற்றைப் பாருங்கள். மீட்டரை நம்பாதீர்கள். டிரைவர் சீட்டின் ஓரமும் பிரேக் பெடல் ரப்பரும் தேய்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள், அவை பொய் சொல்லாது.

மூன்றாம் படி: காகிதங்கள்

ஓன் போர்டு (வெள்ளை போர்டு, சொந்த உபயோக) வண்டியை வாடகைக்கு ஓட்டலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். வேண்டாம். பர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், வண்டியையும் எடுத்து வைப்பார்கள். அதைவிடப் பயம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

பேட்ஜ், அதாவது டாக்சி ஓட்ட லைசென்ஸில் வாங்கும் தனி அனுமதி பற்றிய குழப்பம் இன்னும் ஓயவில்லை. 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குச் சாதாரண எல்எம்வி (இலகுரக வண்டி) லைசென்ஸே போதும், தனியாக டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. எர்டிகாவும் இன்னோவாவும் அந்த எடைக்கு வெகு கீழே. ஆனாலும் வண்டியைச் சேர்க்கும்போது சில ஆப் நிறுவனங்கள் பேட்ஜ் கேட்கும். இருந்தால் நல்லது.

டாக்சி என்றால் 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜிபிஎஸ், அவசர பட்டன் எல்லாம் இருக்க வேண்டும். புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி, அப்புறம் வருடா வருடம்.

பர்மிட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடினால் ஸ்டேட் பர்மிட் போதும். திருப்பதி, பெங்களூரு, சபரிமலை எப்போதாவது என்றால் ஒவ்வொரு முறையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஸ்பெஷல் பர்மிட் எடுத்து, அந்த மாநில வரியையும் கட்டிவிட்டுப் போகலாம். மாதத்தில் நான்கைந்து தடவை எல்லை தாண்டுகிறீர்கள் என்றால் ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட்டே லாபம்.

இன்சூரன்ஸில் ஏறும் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மூன்றாம் நபர் பிரீமியம் கூடும். ஆகவே சிறிய டாக்சி வைத்திருக்கும் நண்பர் கட்டுகிற தொகையை வைத்து மதிப்புப் போடாதீர்கள். ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு பாலிசியில் இருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

ஃபாஸ்டாக் பற்றி ஒரு வரி. ஆண்டு பாஸ் மஞ்சள் போர்டுக்குக் கிடையாது. ஆனால் ஏழு சீட்டருக்கும் ஸ்விஃப்டுக்கும் டோல் கட்டணம் ஒன்றேதான்.

நான்காம் படி: ஆப்பில் சேர்வது

ஊபரில் எக்ஸ்எல், ஓலாவில் பிரைம் எஸ்யூவி. ராபிடோ, நம்ம யாத்ரி போன்றவை ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் எடுக்காமல், ஆப்பைப் பயன்படுத்த ஒரு கட்டணம் வாங்கும் வழியில் போகின்றன. இவை போக ஃபாஸ்ட் டிராக், ரெட் டாக்சி போன்ற கால் டாக்சிகள். ஒன்றில் மட்டும் இருக்காதீர்கள், ஐந்தையும் திறந்து வைத்துக்கொண்டு போனோடு மல்லுக்கட்டவும் செய்யாதீர்கள். இரண்டு போதும்.

சேரும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: சிறிய வண்டிக்கான சவாரியும் எனக்கு வருமா, அதை அணைத்து வைக்க வழி உண்டா? ஒற்றை ஆளை ஏற்றிக்கொண்டு ஹேட்ச்பேக் ரேட்டுக்குப் பெரிய வண்டியை ஓட்டுவதுதான் இந்தத் தொழிலில் சத்தமில்லாமல் காசு கரையும் இடம். ரொம்ப நாள் அதைச் சும்மா இருப்பதற்கு இது மேல் என்று நினைத்தேன். நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் சும்மா இருப்பதே மேல் என்று தெரிந்தது.

எக்ஸ்எல் சவாரி விழும் இடமும் நேரமும் தனி. அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரை, வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கும் எழும்பூர், சென்ட்ரலுக்கும். முகூர்த்த நாளில் மண்டபங்களைச் சுற்றி. வெள்ளி சாயங்காலம் ஓஎம்ஆர் பக்கம் ஐடி கூட்டம் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு. மற்ற நேரம் தி.நகரில் சுற்றினால் எரிவாயுதான் தீரும்.

ஐந்தாம் படி: ஏற்றும் முன் ஒரு போன்

அந்த விமான நிலைய ராத்திரிக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது இதுதான். சவாரியை ஏற்றதும் கூப்பிடுவேன். "சார், எத்தனை பேர், பெரிய பெட்டி எத்தனை, நடக்க முடியாத பெரியவங்க யாராவது இருக்காங்களா?" அரை நிமிடம். எர்டிகாவில் நான்கு பேர் என்றால் கடைசி வரிசையை மடக்கிவிட்டுப் பெரிய பெட்டிகளை ஏற்றலாம். ஐந்து பேர் என்றால் அந்த வரிசையில் ஒரு பாதியை மடக்கி, இடம் கொள்கிற அளவு. ஆறு பேர் என்றால் கைப்பைதான், மீதி கேரியரில்.

கேரியர் மாட்டுவதாக இருந்தால் தார்ப்பாயும் இரண்டு கயிறும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். மழைக்காலத்தில் பட்டுப்புடவைப் பெட்டி நனைந்து, வாடகையில் கழித்துக்கொண்டு கொடுத்த வீட்டாரும் உண்டு. தப்பு என்னுடையதுதான், தார்ப்பாயில் ஓட்டை.

"பிள்ளைங்கதானே, மடியில் உட்காரட்டும்" என்று ஏழாவது, எட்டாவது ஆளை ஏற்றச் சொல்வார்கள். அதிகப்படி ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் என்பது சின்ன விஷயம். ஏதாவது ஆகிவிட்டால் பாலிசியில் இருக்கும் சீட் எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். "அண்ணா, ஆர்சியில டிரைவர் போக ஆறுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: வெளியூர் வாடகை பேசுவது

நம் பக்கம் மூன்று வகை. எட்டு மணி 80 கிலோமீட்டர் மாதிரி லோக்கல் பேக்கேஜ். போக வர ரவுண்டு டிரிப், இதில் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குக் கணக்கு. ஒருவழி டிராப், குறைந்தது 130 கிலோமீட்டர்.

சண்டை வருவது ரேட்டில் இல்லை, பேசாமல் விட்டதில். கிலோமீட்டர் பார்ட்டி வீட்டிலிருந்தா, உங்கள் ஷெட்டிலிருந்தா? பேட்டா நாள் கணக்கு நள்ளிரவோடு முடிகிறதா? டோல், பார்க்கிங், வெளி மாநில வரி யார்? மலை ஏறினால் கூடுதலா? ராத்திரி டிரைவர் எங்கே படுப்பார்? இந்த ஐந்தையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, "சரி" என்று பதில் வந்த பிறகு முன்பணம் வாங்குங்கள். கிளம்பும்போது மீட்டரைப் படம் எடுத்து அதே சாட்டில் போட்டுவிடுங்கள். என் டிரிப்புகளில் பேச்சு தடித்த சம்பவம் அதற்குப் பிறகு ஒன்றோ இரண்டோதான்.

டிராப் டிரிப் கணக்கைத் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் அதில்தான் ஏமாற்றம் அதிகம். மதுரை டிராப் 460 கிலோமீட்டர், 19 ரூபாய் வீதம் 8,740, பேட்டா 400. டிராவல்ஸ் கமிஷன் 874 போக 8,266. பார்க்க நன்றாக இருக்கிறது. காலியாகத் திரும்பினால் 920 கிலோமீட்டர் ஓட்டச் செலவு 5,520. மிச்சம் 2,746, அதிலும் திரும்பும் டோல் உங்கள் கையை விட்டு. அதே வண்டி மதுரையிலிருந்து கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்கு ஒரு ரிட்டன் பிடித்து வந்தால் இன்னும் 5,520. ஆக, டிராப் எடுப்பதற்கு முன்பே ரிட்டனைத் தேடத் தொடங்க வேண்டும். ஊர் ஊருக்கு டிரைவர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்கள் இதற்குத்தான். அங்கே போய் இறங்கிய பிறகு "மதுரை டூ சென்னை எர்டிகா எம்ட்டி" என்று போடுகிறவருக்குக் கிடைக்காது. முந்தின நாள் போடுகிறவருக்குக் கிடைக்கும். ஒரு எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மணி நேரம் காத்திருப்பேன், அதற்குமேல் கிளம்பிவிடுவேன்.

ஏழாம் படி: காலண்டரை மாட்டுங்கள்

இந்தத் தொழிலுக்கு நான் வாங்கிய கருவிகளில் மிகவும் பயன்பட்டது தினசரி காலண்டர். முகூர்த்த நாட்களை வருடத் தொடக்கத்திலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவேன். தை, வைகாசி, ஆவணி என்று கல்யாண மாதங்களில் அந்த நாட்களுக்கு ஆப் பக்கமே போவதில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் குலதெய்வம் கோயிலுக்கும் அம்மன் கோயிலுக்கும் குடும்பத்தோடு போவார்கள். ஏழு சீட்டருக்கென்றே வைத்த மாதம் அது. புரட்டாசி சனிக்கிழமை திருப்பதி. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை. கார்த்திகை முதல் மகர விளக்கு வரை சபரிமலை, ஐந்தாறு சாமிகள், இருமுடி. கார்த்திகைக்கு முன் டயரைப் பாருங்கள், மழையும் மலையும் சேர்ந்து வரும்.

கோடையில் ஊட்டி, கொடைக்கானல். 2024 மே மாதத்திலிருந்து இரண்டுக்கும் இ-பாஸ் வேண்டும். பார்ட்டி எடுப்பார் என்று விட்டுவிடாமல் நீங்களே எடுத்து அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலண்டரில் இல்லாத கூட்டமும் உண்டு. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வேலூர் சிஎம்சிக்கு வரும் நோயாளிக் குடும்பங்கள் சென்னையில் இறங்கி வண்டி தேடுவார்கள். நாலு வார்த்தை இந்தி தெரிந்தால் போதும், நம்பர் வாங்கி ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். இலங்கையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்கவும் கோயில் சுற்றவும் வருகிறவர்கள் பத்து நாள் ஒரே வண்டியை வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு யாழ்ப்பாணத்து அக்கா மூலமாக எனக்கு இதுவரை ஏழு குடும்பங்கள் வந்திருக்கின்றன.

எட்டாம் படி: வரியும் தூக்கமும்

கமிஷன் எடுக்கும் ஆப்பில் சவாரிக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை நிறுவனமே கட்டிவிடும். உங்கள் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை உங்களுக்குப் பதிவு வேண்டியதில்லை. நிறுவனம் பிடிக்கும் டிடிஎஸ் (வருமான வரிக்கான முன்பிடித்தம்) 2020இல் 1 சதவீதமாக வந்து, 2024 அக்டோபரில் 0.1 ஆகக் குறைந்தது. தொகை சிறியதுதான், ஆனாலும் வருடா வருடம் ரிட்டர்ன் போடுங்கள். இரண்டாவது வண்டிக்கு லோன் கேட்கும்போது வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.

தூக்கத்துக்கு ஒரே விதி வைத்திருக்கிறேன். ராத்திரி டிரிப் என்றால் முந்தின பகலில் ஆப் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்குக் கண் இழுத்தால் பங்க் ஓரமாக நிறுத்தி, பின்னால் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு இருபது நிமிடம் தூங்குவேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. ஒருமுறை விழுப்புரம் தாண்டி அப்படி நிறுத்தியபோது, பின் சீட்டிலிருந்த பாட்டி எழுந்து பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி வைத்திருந்தார், நான் கண் விழிக்கும்போது ஆறிப் போயிருந்தது.